திருச்சி சங்கரனும் வாயில் தொடங்கும் மிருதங்கப் பாடமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிள்ளைகளுக்கு மிருதங்கம் சொல்லிக்கொடுப்பவன் நான். வகுப்பில் சேர்க்க வரும் பெற்றோர் பலர் முதல் மாதத்திலேயே ஒரு குறையோடு வருவார்கள்: "பையன் இன்னும் மிருதங்கத்தையே தொடவில்லையே, வாயால் சொல்லிக்கொண்டுதானே இருக்கிறான்?" அவர்களுக்கு நான் பேராசிரியர் திருச்சி சங்கரனைப் பற்றிச் சொல்வது வழக்கம். அதிலிருந்து அடுத்தடுத்துக் கேள்விகள் கிளம்பும். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

திருச்சி சங்கரன் யார்?

லால்குடிக்கு அருகில் உள்ள பூவாளூரில் 1942 ஜூலை 27 அன்று பிறந்தவர். மிருதங்க வித்துவான், கையில் பிடித்து வாசிக்கும் சிறு தோல் வாத்தியமான கஞ்சிராவும் வாசிப்பவர். முதலில் உறவினரான பூவாளூர் வெங்கடராமனிடம் கற்றார். பிறகு பழனி சுப்பிரமணிய பிள்ளையிடம் சேர்ந்தார். பதின்மூன்றாவது வயதில், 1955இல், ஆலத்தூர் சகோதரர்களின் கச்சேரியில் குருவோடு ஒரே மேடையில் அரங்கேறினார். 1971இல் கனடாவின் டொராண்டோ நகருக்குப் போய், யார்க் பல்கலைக்கழகத்தில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கற்பித்தார். 2011இல் சென்னை மியூசிக் அகாதெமி அவருக்குச் சங்கீத கலாநிதி பட்டம் வழங்கியது.

மேடையில் இருந்து வகுப்பறைக்குப் போன பலர் நாளடைவில் மேடையை விட்டுவிடுவார்கள். சங்கரன் விடவில்லை. மார்கழி சீசனுக்குச் சென்னை வந்து வாசித்துக்கொண்டே இருந்தார். அவருடைய பாடமுறை காகிதத்தில் உலர்ந்துபோகாமல் இருந்ததற்கு இதுவே முதல் காரணம் என்று நினைக்கிறேன்.

அவர் எந்த வழியைச் சேர்ந்தவர்?

புதுக்கோட்டை வழி, அதாவது குரு சீடராக வந்த ஒரு வாசிப்பு மரபு. அதன் மூலவர் மான்பூண்டியா பிள்ளை. கச்சேரி மேடையில் கஞ்சிராவுக்கு இடம் பிடித்துக் கொடுத்தவராக அவரைச் சொல்வார்கள். மாரியப்பத் தவில்காரர் என்பவரிடம் அவர் லயம் பயின்றார். அதனால்தான் புதுக்கோட்டை வழியில் இன்றுவரை தவிலின் கணக்கு வாசனை அடிக்கிறது. மான்பூண்டியா பிள்ளையின் சீடர்களில் இருவர் முக்கியமானவர்கள்: புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, பழனி முத்தையா பிள்ளை. முத்தையா பிள்ளையின் மகன்தான் 1908இல் பிறந்த பழனி சுப்பிரமணிய பிள்ளை.

கணக்கு என்றதும் சிலர் முகம் சுளிப்பார்கள். "எண்ணிக்கொண்டே வாசித்தால் சுகம் எங்கே?" என்பார்கள். பழனி சுப்பிரமணிய பிள்ளையின் வாசிப்பைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். கடினமான கணக்கைச் சர்வலகு போல ஒழுக விடுவது அவருடைய தனிச்சிறப்பு. சர்வலகு என்பது பாட்டின் நடையோடு தண்ணீர் போல இழைந்து ஓடும் வாசிப்பு. கேட்பவர் தலையசைத்துக்கொண்டே இருப்பார், கோர்வை, அதாவது கணக்கிட்டுக் கோத்த முடிப்பு, முடிந்த பிறகுதான் என்ன நடந்தது என்று உறைக்கும். தொப்பியில், அதாவது இடப்பக்கத் தோலில், அவர் எழுப்பிய கும்காரம் என்ற ஆழ்ந்த நாதத்தைப் பற்றிப் பழைய ரசிகர்கள் இன்னும் பேசுகிறார்கள்.

பழனி இடக்கையர் என்கிறார்களே, அதில் என்ன சிரமம்?

பெரிய சிரமம். நம் கச்சேரி மேடையில் பாடகருக்கு வலப்பக்கம் மிருதங்கம், இடப்பக்கம் வயலின். மிருதங்கக்காரர் பாடகரைப் பார்த்து உட்காரும்போது அவருடைய வலக்கை சபையின் பக்கம் இருக்கும். வலந்தலையின், அதாவது சுருதி சேர்க்கும் முதன்மைத் தோலின், நாதமும் சபையை நோக்கிப் போகும். இடக்கையர் அதே இடத்தில் உட்கார்ந்தால் வலந்தலை மேடையின் பின்பக்கம் திரும்பிவிடும். அவர் மறுபக்கம் உட்கார வேண்டும், அதற்கு வயலின்காரர் இடம் மாற வேண்டும். எல்லா வயலின் வித்துவான்களும் அதற்கு இணங்கவில்லை. அந்த நாட்களில் பழனிக்குத் துணை நின்றவர் செம்பை வைத்தியநாத பாகவதர். கலைஞனின் கையைப் பார்க்காமல் கலையைப் பார்த்த பெரிய மனசு அது.

இதில் ஆசிரியனாக எனக்கு ஒரு யோசனை உண்டு. வலக்கை மாணவன் இடக்கை குருவின் எதிரே உட்கார்ந்தால், கண்ணாடியைப் பார்ப்பது போல இருக்கும். கையைப் பார்த்துப் பழகுவதும் ஒரு வழிதான். ஆனால் குரு வாயால் சொல்லும் சொல்லுக்கு வலமும் கிடையாது, இடமும் கிடையாது. "தகதிமி" எந்தக் கைக்கும் தகதிமிதான். பழனியின் சீடர்கள் சொல்லை அவ்வளவு தூரம் நம்பியதில் இதற்கும் பங்கு இருக்கலாம் என்பது என் ஊகம்.

ஏன் கனடாவுக்குப் போனார்?

அழைப்பின் பின்னணியில் இருந்தவர் ஜான் ஹிக்கின்ஸ். அமெரிக்காவில் பிறந்து, கர்நாடக இசை கற்று, 1965இல் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடி, நம் ரசிகர்களால் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைக்கப்பட்டவர். 1971இல் இருவரும் சேர்ந்து யார்க் பல்கலைக்கழகத்தில் தென்னிந்திய இசைப் பாடத்திட்டத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் குரல், ஒருவர் லயம். ஹிக்கின்ஸ் பிறகு அமெரிக்கா திரும்பினார், 1984இல் சாலையில் வாகனம் மோதி இறந்துபோனார். யார்க்கில் தொடங்கிய வேலையைச் சங்கரன் தொடர்ந்து நடத்தினார்.

அவருக்கு முன் யாராவது வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார்களா?

ஆம். டி. ரங்கநாதன், வீணை தனம்மாளின் பேரன், நாட்டியக் கலைஞர் பாலசரசுவதியின் தம்பி. அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் 1963இல் கற்பிக்கத் தொடங்கினார். இவரும் பழனியின் சீடரே. வட அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு மிருதங்கத்தைக் கொண்டுபோன முன்னோடிகளில் இருவர் ஒரே குருவின் மாணவர்கள் என்பதை நான் தற்செயலாக நினைக்கவில்லை. கணக்கைத் தெளிவாகப் பிரித்துச் சொல்லத் தெரிந்த வழி அது. கேள்வி கேட்கும் மாணவனுக்குப் பதில் சொல்ல அதில் இடம் இருந்தது.

சரி, அவருடைய பாடமுறையின் அடித்தளம் என்ன?

சொற்கட்டு. மிருதங்கத்தில் விழும் ஒவ்வோர் அடிக்கும் ஒரு சொல் உண்டு, அந்தச் சொற்களைக் கோத்தால் கிடைப்பது சொற்கட்டு. அதையே மேடையில் கலையாக வாயால் நிகழ்த்தினால் கொன்னக்கோல். கையில் தாளம், வாயில் சொல். இவை இரண்டும் நிலைத்த பிறகே தோலில் விரல்.

ஒரு வகுப்பில் இது எப்படி நடக்கும் என்று காட்டுகிறேன். ஆதி தாளத்துக்கு எட்டு எண்ணிக்கை. ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. பையன் தொடையில் தாளம் போடுகிறான். ஓர் எண்ணிக்கைக்கு ஒரு தகதிமி சொல்லச் சொல்கிறேன். தகதிமியின் ஒவ்வோர் எழுத்தும் ஒரு மாத்திரை. எட்டு தகதிமி, முப்பத்திரண்டு மாத்திரை. சுலபம். இப்போது அதே வேகத்தில், அதே நான்கு மாத்திரை நடையில், தகதிமிக்குப் பதில் "தகிட" சொல் என்கிறேன். சொல் மூன்று, நடை நான்கு. முதல் தகிட தட்டில் விழும். இரண்டாவது தகிட சுண்டுவிரலுக்கு ஒரு மாத்திரை முன்பே விழுந்துவிடும். மூன்றாவது இன்னும் முந்தும். இங்கேதான் கை தடுமாறும். பையனின் கை வாயின் பின்னால் ஓடிப்போய் மூன்று மூன்றாகத் தட்ட ஆரம்பித்துவிடும்! நான் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். கை தன் வேலையைப் பார்க்கட்டும், வாய் தன் வேலையைப் பார்க்கட்டும் என்பேன். மூன்று எண்ணிக்கைக்கு ஒரு முறை தகிட எண்ணிக்கையின் தலையில் வந்து உட்காரும். தாளத்தின் சமத்தில், அதாவது தொடக்கத் தட்டில், தகிட மறுபடி தொடங்க மூன்று ஆவர்த்தனம் (தாளத்தின் முழுச் சுற்று) ஆகும். அந்த இடத்தைத் தவறாமல் பிடிக்கும் நாளில் பிள்ளையின் கண்ணில் ஒரு வெளிச்சம் வரும். நான் ஆசிரியனாக இருப்பது அந்த வெளிச்சத்துக்காகத்தான்.

இதையே நேராக மிருதங்கத்தில் செய்திருந்தால் விரல் வலி, நாதம் சரியில்லை, மீட்டு என்ற அடி விழவில்லை என்று பத்துத் தொல்லைகள் குறுக்கே வந்து, லயத்தில் என்ன தவறு நடக்கிறது என்பதே தெரியாமல் போயிருக்கும். சொற்கட்டு தவற்றைத் தனியே எடுத்துக் காட்டுகிறது.

எண்களால் எண்ணினால் போதாதா? எதற்குத் தகதிமி?

ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவது அளவை மட்டும் சொல்லும். தகதிமி அளவோடு ஓசையையும் சொல்லும். ஐந்து மாத்திரையைத் "தகதகிட" என்றும் சொல்லலாம், "ததிங்கிணதொம்" என்றும் சொல்லலாம். அளவு ஒன்று, குணம் வேறு. முன்னது ஓடிக்கொண்டே இருக்கும். பின்னது முடிவுக்கு வந்துவிட்டதைக் காதிலேயே உணர்த்திவிடும். "தொம்" என்று வாய் மூடும்போதே ஒரு வாக்கியம் முடிந்த உணர்வு வருகிறது. இந்த வேறுபாட்டை எண்ணால் கற்பிக்க முடியாது.

டொராண்டோவில் சங்கரனிடம் வந்த மாணவர்களில் பலர் மேற்கத்திய டிரம்ஸ், ஜாஸ், தற்கால இசை பழகியவர்கள். மேற்கத்திய இசைக் குறிப்பில் போல, தாளத்தை இடையிடையே கோடு போட்டுப் பிரித்துப் பார்க்கப் பழகிய கண்கள் அவை. அவர்களில் எல்லோரும் மிருதங்க வித்துவான் ஆகப்போவதில்லை. ஆனால் எல்லோருக்கும் வாய் இருக்கிறது, கை இருக்கிறது. பலா மரத்தில் கடைந்த மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு போகாமலே நம் லயத்தின் இலக்கணத்தை அவர்கள் தங்கள் வாத்தியத்துக்கு எடுத்துப்போனார்கள். சங்கரனின் பெரிய சாதனையாக நான் மதிப்பது இதைத்தான்.

கோர்வையை எப்படிக் கணக்கிடுவது? சிறு எடுத்துக்காட்டு தர முடியுமா?

தருகிறேன், ஆசையாகக் கேட்கும் கேள்வி இது. ஒரு சொற்கட்டை மூன்று முறை சொல்லி, நடுவே இரண்டு முறை இடைவெளி விட்டு, சமத்துக்கு வந்து சேருவது மோரா. கோர்வை என்னும் பெரிய கட்டுமானத்தின் முடிவிலும் பெரும்பாலும் இதுவே இருக்கும். ததிங்கிணதொம் ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் பதினைந்து. நடுவே ஒவ்வொரு மாத்திரை இடைவெளி விட்டால் மொத்தம் பதினேழு. ஆதி தாளத்தில் ஒரு ஆவர்த்தனத்துக்கு முப்பத்திரண்டு மாத்திரை. பதினேழைக் கழித்தால் பதினைந்து மிச்சம். ஆகவே பதினைந்து மாத்திரை வேறு வாசித்துவிட்டு, பதினாறாவதில், அதாவது நடுவிரல் எண்ணிக்கையின் கடைசி மாத்திரையில், எடுக்க வேண்டும். அடுத்த தட்டில் எடுத்தால் ஒரு மாத்திரை தாண்டிவிடும்.

என்னிடம் படித்த ஒருவன் இதை ஒரு வாரம் தட்டிலேயே எடுத்துக்கொண்டிருந்தான். கணக்கு அவனுக்குத் தெரியும், நோட்டில் சரியாக எழுதியிருந்தான். வாய்தான் வரவில்லை. நோட்டை மூடிவைத்துவிட்டு, நடக்கும்போது சொல்லு, பஸ்ஸுக்கு நிற்கும்போது சொல்லு என்றேன். அடுத்த வாரம் வந்தது.

அப்படியானால் நோட்டு, புத்தகம் எல்லாம் வேண்டாமா?

வேண்டும். சங்கரனே ஆங்கிலத்தில் இரண்டு நூல்கள் எழுதியிருக்கிறார். 1994இல் வந்தது தென்னிந்திய மிருதங்க வாசிப்பின் லயக் கோட்பாடும் பயிற்சியும் பற்றியது, 2010இல் வந்தது கொன்னக்கோல் பற்றியது. குருகுலத்தில் குருவோடு பல ஆண்டு வாழ்ந்து கற்ற ஒன்றைப் பல்கலைக்கழகத்தின் கால அட்டவணைக்குள், வாரத்தில் சில மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்றால், பாடத்தை வரிசைப்படுத்தி எழுதித்தான் ஆக வேண்டும். எழுத்து நினைவுக்குத் துணை. காலப்பிரமாணம், அதாவது எடுத்த வேகத்தை விடாமல் காப்பது, எந்தத் தாளிலும் ஏறாது. அது குரு எதிரே இருக்கும்போது பிடிபடுவது.

பல்கலைக்கழகத்தில் கற்பித்ததால் மரபு நீர்த்துப்போகவில்லையா?

இந்தச் சந்தேகத்தை நல்ல வித்துவான்களும் எழுப்புகிறார்கள், மதித்துப் பதில் சொல்கிறேன். நீர்த்துப்போகும் ஆபத்து உண்மை. வெளிநாட்டு மாணவருக்கு எளிதாகட்டும் என்று கணக்கின் வித்தையை மட்டும் தூக்கிக் கொடுத்து, பாட்டுக்கு வாசிப்பதை விட்டுவிட்டால் மிருதங்கம் வெறும் எண் விளையாட்டு ஆகிவிடும். கிருதியின் சாகித்தியம் எங்கே மூச்சு விடுகிறதோ அங்கே ஒதுங்கி நிற்கவும், கிருதியின் இரண்டாம் பகுதியான அநுபல்லவியின் எடுப்புக்கு ஒரு சிறு அறுதி (முடிப்பு) வைத்து வழி விடவும் தெரிய வேண்டும். தனி ஆவர்த்தனம் மிருதங்கக்காரருக்குத் தனியாக வாசிக்கக் கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். மீதி இரண்டு மணி நேரமும் பிறருக்காக வாசிப்பது.

சங்கரன் இந்த ஆபத்தைத் தாண்டினார் என்பதற்கு அவருடைய கச்சேரிகளே சாட்சி. கணக்கில் தேர்ந்தவர், ஆனாலும் பாட்டை மீறி ஒலிக்கமாட்டார். தன் குருவிடம் பெற்ற சர்வலகை அவர் கைவிடவில்லை. கற்பிப்பவன் வாசிப்பை நிறுத்தாமல் இருந்தால் பாடமும் கெடாது என்பதே என் நம்பிக்கை.

பிற நாட்டு இசையோடு சேர்ந்து வாசித்தாரா?

நிறைய. கனடாவின் நெக்ஸஸ் தாளவாத்தியக் குழுவோடு வாசித்தார். 1986இல் வான்கூவர் உலகக் கண்காட்சியையொட்டி நடந்த உலகத் தாளவாத்திய விழாவில் பங்கேற்றார். இந்தோனேசியாவின் கேமலான் வாத்தியங்களைக் கொண்டு இயங்கும் டொராண்டோ குழுவான எவர்கிரீன் கிளப்புக்காக இசை அமைத்தார். கேமலான் வெண்கலத்தின் நாதம், அதன் மேல் நம் லயக் கட்டு. இரண்டும் ஒன்றை ஒன்று நசுக்காமல் இருக்க இரண்டையும் அறிந்தவர் வேண்டும்.

சங்கீத கலாநிதி விருதை ஏன் அவ்வளவு பெரிதாகச் சொல்கிறீர்கள்?

அந்தப் பட்டம் மிருதங்கத்துக்குக் கிடைக்கவே நெடுங்காலம் ஆயிற்று. முதன்முதலில் 1966இல் பாலக்காடு மணி ஐயர் பெற்றார். பழனி சுப்பிரமணிய பிள்ளை 1962இலேயே மறைந்துவிட்டார், அவர் காலத்தில் மிருதங்கக்காரர் எவருக்கும் அந்தக் கதவு திறக்கவில்லை. 2011இல் அவருடைய சீடர் அந்த மேடையில் பட்டம் பெற்றபோது, குருவுக்குச் சேர வேண்டியதும் சேர்ந்தே வந்தது என்று நெகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன்.

குளிர்நாட்டில் மிருதங்கம் தாங்குமா?

தாங்கும், கவனம் வேண்டும். தோல் ஈரத்துக்கு இளகும், வறட்சிக்கு இறுகும். குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் ஓடும்போது காற்று வறண்டு, சுருதி தானாக ஏறும். ஹீட்டருக்கு அருகில் வைக்காதீர்கள். வாசித்து முடித்ததும் நாதத்துக்காகத் தொப்பியில் ஒட்டிய ரவையைச் சுரண்டி எடுத்துத் துடைத்துவிடுங்கள்.

இணையத்தில் கற்கலாமா?

கற்கலாம், ஒரு வரம்போடு. இணைய இணைப்பில் ஒலி சற்றுத் தாமதமாகவே வந்து சேரும். ஆகையால் குருவும் சீடனும் ஒரே நேரத்தில் சேர்ந்து வாசிக்க முடியாது. ஆனால் சொற்கட்டு முறையில் குரு சொல்லி நிறுத்துவார், சீடன் திருப்பிச் சொல்வான். இந்த முறைக்குத் தாமதம் பெரிய தடை ஆகாது. நாத சுத்தமும் விரல் வைப்பும் மட்டும் நேரில்தான் சரியாகும். ஆண்டுக்குச் சில வாரமாவது குருவின் எதிரே உட்காருங்கள்.

என் பிள்ளை எத்தனை மாதம் வாயாலேயே சொல்லிக்கொண்டிருக்க வேண்டும்?

இதற்கு மாதக் கணக்கு நான் சொல்வதில்லை. தகதிமி, தகிட, தகதகிட, தகிடதகதிமி, தகதிமிதகதகிட என்ற ஐந்தையும் ஆதி தாளத்தில் மூன்று காலத்திலும் (வேகத்திலும்) கை தடுமாறாமல் சொன்னால் மிருதங்கத்தை மடியில் வைப்பேன். சில பிள்ளைகளுக்குச் சீக்கிரம் வரும், சிலருக்குப் பள்ளி அரையாண்டு விடுமுறை தாண்டும். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. இரவு சாப்பாட்டுக்குப் பின் பத்து நிமிடம் பிள்ளையோடு உட்கார்ந்து நீங்களும் தாளம் போடுங்கள். உங்களுக்குத் தெரியவில்லை என்றால் பிள்ளை கற்றுக்கொடுக்கும், தட்டு தவறும் இடத்தில் உங்கள் மணிக்கட்டையும் பிடித்து நிறுத்தும்.